கோவலன் கூத்தை விடிய விடிய ஆடுறதா, ரெண்டு மணித்தியாலத்தில முடிக்கிறதா?

முள்ளியவளைக் கொப்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் முல்லைத்தீவு முள்ளியவளை, மேசன் வேலை. எங்கட ஊர் நாடக மன்றத்துக்கு இந்த வருசம் நான்தான் செயலாளர். காலபோக அறுவடை முடியுது, பொடியளுக்கு இரவில நேரம் கிடைக்கத் தொடங்கீற்றுது. அதால பங்குனியில இருந்து ஆனி மட்டும் நாலு ஆட்டம் போடுறதெண்டு கூடிக் கதைச்சு முடிவெடுத்திருக்கிறம்.

பங்குனிக் கடைசியில இசை நாடகம், அரிச்சந்திரன் மயான காண்டம். சித்திரை லீவில பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர பண்டாரவன்னியன், வெள்ளைக்காரரோட சண்டை பிடிச்ச வன்னி அரசன்ர கதை. வைகாசியில, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தீர்த்தம் எடுக்க முதல் வாற சனிக்கிழமை, கோவலன் கூத்து. ஆனியில காத்தவராயன். மயான காண்டத்துக்கு யாழ்ப்பாணத்தில இருந்து ஆர்மோனியக்காரர் ஒராள் வாறன் எண்டிட்டார். நடிகமணி வைரமுத்து ஐயா பாடின மெட்டுகள் காதில ஊறின சனம் எங்கட பக்கம் இன்னும் இருக்கு, அண்டைக்குக் கதிரை காணாது. காத்தவராயனுக்கு நேர்த்திக்காரர் இருக்கினம், செலவுக்கு யோசனையில்லை.

கோவலன்தான் நித்திரையைக் குழப்புது.

என்ர அம்மப்பா அண்ணாவியார், கூத்துப் பழக்கிறவர். அவற்ற கோவலன் ஏடு ஒரு சீ.ஆர். கொப்பி. கறுப்பு மட்டை, முதுகில சிவப்புத் துணி ஒட்டினது. 2008 கடைசியில ஊரை விட்டு வெளிக்கிடேக்க, காணி உறுதியும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் வைச்ச பையுக்குள்ள அம்மம்மா அதையும் வைச்சவ. புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால், கடைசியில செட்டிக்குளம் முகாம், எல்லா இடமும் அந்தப் பை எங்களோட வந்தது. மாத்தளனில பங்கருக்குள்ள தண்ணி ஏறின ஒரு இரவு கொப்பி நனைஞ்சு போச்சு. நீல மை. நடுவில பதினொரு தாள் ஊறிப்போய் எழுத்தெல்லாம் ஒண்டோட ஒண்டு கலந்திட்டுது. பேனை அமத்தின தடம் மட்டும் அங்கங்க இருக்கு. ரோச்சைப் பக்கவாட்டில சரிச்சுப் பிடிச்சால் ஒரு சொல், ரெண்டு சொல் பிடிபடும். ஒரு தாளின்ர அடியில ‘மோர்’ எண்டு ஒரு சொல் வடிவாத் தெரியுது. அதுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தப் பதினொரு தாளும் இடைச்சேரிப் பகுதி. கோவலனும் கண்ணகையும் மதுரைக்கு வெளியில இடைச்சி வீட்டில தங்கிற இடம். கண்ணகை உலை வைச்சு, புருசனுக்குச் சோறு குடுத்து, காற்சிலம்பைக் கழட்டிக் கையில குடுத்து அனுப்புற இடம்.

அம்மப்பா இருந்த மட்டும் எங்களுக்கு அது ஒரு குறையாத் தெரியேல்ல. அவருக்குக் கொப்பி தேவையில்லை. 2014இல அவர் மோசம் போன பிறகும், அடுத்த வளவு அண்ணை இடைச்சிக்குப் பாடினவர், அவருக்கு எல்லாம் பாடம். பேந்து ஒரு போட்டிக்குப் போக வேண்டி வந்தது. நாப்பத்தைஞ்சு நிமிசத்துக்குள்ள முடிக்கச் சொன்னவை. வெட்ட வெளிக்கிட்ட உடன நாங்கள் முதலில கை வைச்சது இடைச்சேரியிலதான். அதில சண்டை இல்லை, அரசன் இல்லை, ரெண்டு பொம்பிளையள் அடுப்படியில இருந்து கதைக்கினம், அவ்வளவுதான் எண்டு நினைச்சம். பரிசும் கிடைச்சது. பிறகு எங்க கேட்டாலும் அந்த நாப்பத்தைஞ்சு நிமிசத்தைத்தான் ஆடினம். போன வருசம் அந்த அண்ணையும் போயிட்டார். செத்தவீட்டால வந்து, குளிச்சிட்டு, கொப்பியை எடுத்துத் திறந்தன். பதினொரு தாளையும் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தன். அந்தப் பகுதியைப் பாடக்கூடிய ஒராள்கூட எங்கட மன்றத்தில இல்லை.

இப்ப மன்றத்தில ரெண்டு கட்சி. இளம் பொடியள் சொல்லீனம், ரெண்டு மணித்தியாலமாச் செய்வம், சனம் இருக்கும், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுக்கிறதும் சுகம் எண்டு. அவையள் சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. எங்கட பெட்டையள் கனபேர் காலமை அஞ்சரைக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏறுறவை. வயசானவை சொல்லீனம், கோவலனை அரைகுறையா ஆடுறதெண்டால் ஆடாமலே விடுங்கோ எண்டு. எனக்கு முழுசா ஆடத்தான் விருப்பம், ஆனா இல்லாத பகுதியை எப்பிடி ஆடுறது?

இடைச்சேரிப் பாட்டுகள் தெரிஞ்ச ஆக்கள், தண்ணீரூற்று, குமுழமுனை, அளம்பில், சிலாவத்தைப் பக்கம் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ. ராத்திரி முழுக்க ஆடிப் பழகினவையும் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ.

தண்ணீரூற்றுப் பேரன் எழுதியது:

இது என்ர அப்பப்பா சொல்லச் சொல்ல நான் அடிக்கிறன். அவருக்கு எண்பத்தொண்டு. இனி அவற்ற கதை.

தம்பி, உம்மட அம்மப்பாவிட்டச் சட்டம், அதுதான் பாத்திரத்துக்குரிய பாட்டு, வாங்கி ஆடினவன் நான். முதலில கண்ணகைக்கு, பிறகு குரல் தடிச்ச உடன இடைச்சிக்கு. எனக்குச் சட்டம் தரேக்க அவர் கொப்பியைத் தரேல்ல. தான் ஒரு அடி பாடுவார், நான் திருப்பிப் பாட வேணும். பிழைச்சால் திரும்பவும் முதல் அடியில இருந்து. ஏட்டில சொல்லு மட்டும்தான் இருக்கும் தம்பி, மெட்டு ஆளிட்டத்தான் இருக்கு. உம்மட பதினொரு தாளும் நனையாமல் இருந்திருந்தாலும் நீர் அதைப் பாடியிருக்க மாட்டீர்.

விடிய விடிய ஆடுறது ஆளைக் களைக்கப் பண்ணுறதுக்கில்லை. எட்டு மணிக்குக் கடவுள் வணக்கக் காப்புப் பாடினால், பாத்திரங்களின்ர வரவெல்லாம் முடியப் பத்தரை. சனம் அப்பதான் பாயை விரிச்சுச் சரியா இருக்கும். மாதவி ஆட்டம் நடுச்சாமத்தில. இடைச்சேரி வாறது ரெண்டு மணிக்குப் பிறகு. அந்த நேரம் பிள்ளையள் நித்திரை, கச்சான்காரரும் அடங்கியிருப்பினம், பனி இறங்கும், மத்தளம் தொய்ஞ்சிடும். மத்தளத்தை நெருப்பில காட்டி எடுக்கிற நேரத்துக்குத் தாளத்தோட மட்டும் பாடுற பாட்டுகள்தான் இடைச்சியின்ர பாட்டுகள். கண்ணகை சிலம்பைக் கழட்டேக்க முழிச்சிருக்கிறது பொம்பிளையள் மட்டும். அவையள் அழுகிறது கூத்தாடுற களரிக்குக் கேக்கும். பிறகு விடிவெள்ளி காலிக்கிற நேரம் மதுரை எரியும், நித்திரையான பிள்ளையளை எழுப்பிக் காட்டுவினம். இதை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிச்சால் கதை விளங்கும். ஆனா நான் சொன்னது ஒண்டும் நடக்காது.

இன்னுமொண்டு. மயான காண்டம் எல்லாருக்கும் தெரியும். அரிச்சந்திரன் கதையில அதுக்கு முன்னால எவ்வளவு இருக்கு? அதையெல்லாம் பாடக்கூடிய ஆள் இப்ப எங்க இருக்கு? நல்ல பகுதியை மட்டும் எடுத்து ஆடினால் மிச்சப் பகுதிக்கு அதுதான் கதி. கோவலனுக்கும் அது வரக்கூடாது.

மைக்குக்குத்தானே பொலிஸ் அனுமதி? பத்து மணிக்கு மைக்கை நிப்பாட்டும். கதிரையளை அடுக்கிப்போட்டுச் சனத்தைப் பாயோட களரிக்குக் கிட்ட வரச் சொல்லும். நாங்கள் மைக் இல்லாமல்தான் ஆடினனாங்கள்.

இடைச்சேரி எனக்கு முக்கால்வாசி ஞாபகம் இருக்கு. குரல் இல்லை, மெட்டு இருக்கு. கெதியா வாரும்.

நானாட்டான் மகன் எழுதியது:

வணக்கம். நான் மன்னார்ப் பக்கம், எங்கட வீட்டில எல்லாரும் கோயில் நாடகம் ஆடினவை. உங்கட முல்லைத்தீவுப் பக்கத்து ஆட்டமுறை, முல்லைமோடி, எனக்குப் பழக்கமில்லை. ஆனா வெட்டுறது பற்றி ஒண்டு சொல்ல வேணும்.

எங்கட பக்கம் நாடகம் எண்டால் ரெண்டு இரவுக்குப் போகும். அதே கதையை ஒரு இரவுக்குள்ள அடக்கி, இடைக்கிடை வசனம் வைச்சு ஆடுறதுக்கு வாசாப்பு எண்டு தனிப் பேர். நாடகத்தை அங்க இஞ்ச வெட்டிப்போட்டு ஆடுறது வாசாப்பு இல்லை. அதுக்கெண்டு புலவர் இருந்து புதுசாக் கட்டின ஏடு. அதால நாடகமும் இருந்தது, வாசாப்பும் இருந்தது, ஒண்டு மற்றதைத் தின்னேல்ல. நீங்கள் போட்டிக்குச் செய்தது பிழையெண்டு நான் சொல்லேல்ல. அந்த நாப்பத்தைஞ்சு நிமிசத்துக்குத் தனியா ஒரு கொப்பி எழுதி, தனியா ஒரு பேர் வையுங்கோ. அப்பிடிச் செய்தால் ஆரும் அதைத்தான் கோவலன் எண்டு நினைக்க மாட்டினம்.

மற்றது, ஒரே இரவில முடியாதெண்டால் எங்களைப் போல ரெண்டு இரவுக்குப் பிரியுங்கோ. சிலம்பைக் கழட்டிக் குடுக்கிறதோட முதல் இரவை நிப்பாட்டினால், அடுத்த நாள் சனம் கட்டாயம் வரும்.

நாடக ரீச்சர் எழுதியது:

நான் கிளிநொச்சியில நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறன். தண்ணீரூற்று ஐயா சொன்னதை ரெண்டு தரம் வாசிச்சன், எங்கட பிள்ளையளுக்கும் வகுப்பில வாசிச்சுக் காட்டினன். ஆனாலும் சுருக்கத்துக்காக நான் கதைக்கத்தான் வேணும்.

பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல ‘கர்ணன் போர்’, பிறகு ‘இராவணேசன்’ எண்டு கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டு வரேல்லயெண்டால், படிச்ச சனம் கூத்தைத் திரும்பிப் பார்த்திருக்காது. இண்டைக்கு என்ர வகுப்பில நாப்பது பிள்ளையள் கூத்தைப் பாடமாப் படிக்கிறதுக்கும் வழி வந்திருக்காது. ஆனா அங்க ஒரு வித்தியாசம் இருக்கு, அதைப் பிள்ளையளுக்கும் சொல்லுறனான். அவையள் சுருக்கேக்க மட்டக்களப்பில முழுக்கூத்து ஆடுற ஊர்கள் இருந்தது. முழுசாத் தெரிஞ்ச அண்ணாவிமாரை வைச்சுத்தான் பழகினவை. உங்களிட்ட இருக்கிறது ஒரே ஒரு கொப்பி, ஒரே ஒரு ஐயா. அதால இந்த வருசம் முழுசா ஆடுங்கோ, பள்ளிக்கூடங்களுக்குச் சுருக்கத்தைக் கொண்டு வாங்கோ. ரெண்டுக்கும் நான் வருவன்.

ஆள் பிரச்சினைக்கு வழி உங்கட காத்தவராயனிலயே இருக்கு. ஆதிக்காத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் எண்டு ஒரே பாத்திரத்தை மூண்டு நாலு பேர் ஆடுறேல்லையா? கோவலனையும் கண்ணகையையும் அப்பிடிப் பிரிச்சுக் குடுங்கோ. ஒருத்தருக்கு ரெண்டு மணித்தியாலப் பாட்டுத்தான் பாடம் பண்ண வேண்டி வரும். இடைச்சேரிக் கண்ணகையை ஒரு பெட்டைப் பிள்ளையிட்டக் குடுங்கோ எண்டும் கேக்கிறன். உங்கட ஊரில பாடக்கூடிய பிள்ளையள் இல்லாமல் இல்லை.

பண்டாரவன்னியன் பற்றி ஒரு சொல். 1803 ஓகஸ்ட் 25 முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்சது, ஒக்டோபர் 31 கற்சிலைமடுவில தோத்தது. இடையில ரெண்டு மாதம்தான். பிள்ளையள் நடிக்கேக்க அழுகைக் காட்சியை நீட்டாமல், அந்த ரெண்டு மாதமும் காட்டுக்குள்ள என்ன செய்திருப்பினம், ஆர் சாப்பாடு குடுத்திருப்பினம் எண்டு யோசிக்க விடுங்கோ. பழக முதல் ஒருக்காக் கற்சிலைமடு நினைவுக்கல்லடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. ஒட்டுசுட்டானுக்கு பஸ்ஸில போய் வரலாம்.

ஸ்காபரோவில இருந்து எழுதியது:

நான் குமுழமுனை, இப்ப கனடாவில. அம்மாவுக்கு எழுபத்தாறு. உங்கட கேள்வியை அவவுக்கு வாசிச்சுக் காட்டினன். இடைச்சிப் பாட்டு முழுசாத் தெரியாதாம். ஆனா கண்ணகை உலை வைக்கிற பாட்டின்ர மெட்டைத் தானா முணுமுணுத்தா, சொல்லில்லாமல். அதைப் போனில பதிஞ்சு வைச்சிருக்கிறன், அனுப்பவா? உடுப்புச் செலவுக்கும் எங்களால ஏலுமானதைச் செய்யலாம். எனக்கு ஒரே ஒரு விருப்பம், கூத்தை நேரடியா ஒளிபரப்புவீங்களோ? எங்களுக்கு அது சனிக்கிழமைப் பகல்.

முள்ளியவளைக் கொப்பி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதில் எழுதப் பிந்தினதுக்குக் குறை நினைக்க வேண்டாம், ஒவ்வொரு இரவும் வேலையால நேர தண்ணீரூற்றுக்குத்தான் போனனான்.

ஐயா முற்றத்தில மாமரத்துக்குக் கீழ கதிரையைப் போட்டு இருந்தவர். நான் கொப்பியை நீட்ட, அதை மடியில வைச்சுக்கொண்டார், திறக்கேல்ல. தொடையில தாளம் போட்டுக்கொண்டு தொடங்கினார். குரல் இல்லையெண்டு சொன்னவர்தான், ஆனா மேல போக வேண்டிய இடத்தில தலையை உயர்த்தி விரலால காட்டுவார், அது எனக்கு விளங்கீற்றுது. பேரன் போனில பதிஞ்சவன். ரெண்டாம் நாள், இடைச்சி கண்ணகைக்குச் சாமான் கொண்டுவந்து குடுக்கிற பாட்டில ஐயா நிண்டிட்டார். மூண்டு தரம் திரும்ப முதல் அடியில இருந்து வந்தார், அதே இடத்தில அதே மாதிரி நிண்டிட்டார். கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கேல்ல. குசினிக்குள்ள தேங்காய் துருவிக்கொண்டிருந்த அப்பம்மா அங்க இருந்தே அடுத்த அடியைப் பாடினா. அவ களரி ஏறினதே இல்லையாம். ஐயா பழகிற காலத்தில வாசலில இருந்து பிளேன்ரீ ஊத்திக் குடுத்தவ, அவ்வளவுதான். அவ பாடின அடியில, கடைசிச் சொல்லுக்கு முதல் சொல், மோர். நான் கொப்பியை வாங்கித் திறந்து, ரோச்சைச் சரிச்சு ஐயாவுக்குக் காட்டினன். அவர் அந்த இடத்தைப் பெருவிரலால தடவிப் பார்த்தார்.

ஒன்பது பாட்டு வந்திட்டுது. ரெண்டு இன்னும் வரேல்ல. புதுக்கொப்பியில அந்த ரெண்டுக்கும் இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறன். சொந்தமாக் கட்டிப் போடலாமோ எண்டு மன்றத்தில ஒராள் கேட்டார். வேண்டாம் எண்டிட்டன், கேக்காமல் விட்ட வீடு இன்னும் எவ்வளவோ இருக்கு.

கோவலன் முழு இரவு, சனிக்கிழமை. அடுத்த நாள் தொழிற்சாலை பஸ் இல்லை. பத்து மணிக்கு மைக்கை நிப்பாட்டிப் பாயை இழுத்துப் போடுறதெண்டு எல்லாரும் ஒத்துக்கொண்டிட்டினம், பொடியளும்தான். உண்மையில பொடியளுக்குத்தான் அது கூடப் பிடிச்சிருக்கு. நானாட்டான் தம்பி, ரெண்டு இரவு யோசனையையும் வைச்சுக் கதைச்சனாங்கள். ரெண்டாம் இரவு ஞாயிறில வருது, திங்கள் வேலைக்குப் போற சனம் இருக்காது எண்டு விட்டிட்டம். ஆனா போட்டிக்கு ஆடினதுக்குத் தனிக்கொப்பி போட்டாச்சு, மேல ‘சிலம்பு வழக்கு’ எண்டு எழுதியிருக்கிறன். இனி அந்தப் பேரிலதான் அது ஆடுப்படும். ரீச்சர், கோவலனுக்கு மூண்டு பேர், கண்ணகைக்கு மூண்டு பேர். நடுக்கண்ணகைக்கு எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு தங்கச்சி, உயர்தரம் எழுதிப்போட்டு நிக்கிறா. ஐயா அவவிட்ட ஒரு விருத்தம் பாடச் சொல்லிக் கேட்டார். பாடி முடிய, ‘வெள்ளி, செவ்வாய் மச்சம் சாப்பிடாதை பிள்ளை’ எண்டார். அதுதான் அவற்ற சம்மதம்.

ஸ்காபரோ அக்கா, அம்மாவின்ர பதிவைக் கட்டாயம் அனுப்புங்கோ. ஐயா சொன்ன உலைப்பாட்டின்ர மெட்டு ரெண்டாம் அடியில சரிவரேல்ல எண்டு அவருக்கே ஒரு மனக்குறை. ஒளிபரப்பு பற்றிக் கேட்டீங்கள். பத்து மணி மட்டும் செய்யலாம். அதுக்குப் பிறகு மைக் இல்லாததால போனுக்குக் குரல் எட்டாது. ஆனா ஆடின பிறகு இடைச்சேரியை மட்டும் ஒரு பகலில, சத்தமில்லாத இடத்தில இருத்திப் பதிஞ்சு அனுப்புறன். அம்மா கேட்டிட்டுப் பிழையிருந்தால் சொல்லட்டும்.

வாற வெள்ளிக்கிழமை காட்டா விநாயகர் கோயிலில தேங்காய் உடைச்சிட்டுச் சட்டம் குடுக்கிறம், ஐயாவை ஓட்டோவில கூட்டிவாறம். அளம்பில், செம்மலைப் பக்கம் இருந்து இதை வாசிக்கிறவை, உங்கட வீட்டு வயசானவையிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ. சிலம்பைக் குடுக்க முதல் கண்ணகை தனிய நிண்டு பாடுற பாட்டும், கோவலன் வெளிக்கிட்டுப் போன பிறகு இடைச்சி படலையில நிண்டு பாடுறதும்தான் வர வேண்டிய ரெண்டும். ஒரு அடி தெரிஞ்சாலும் காணும்.